கல்லில் வந்த முகவரி: கல்வெட்டில் ‘மண்டலம்’ படிப்பது எப்படி

ஓடும் ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரித்துச் சம்பளம் வாங்கியவன் நான். மெயின் லைனில், விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே, இரவு வண்டியில், மங்கலான விளக்கின் கீழே உறைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு ஒரு பழக்கம் ஏறிவிட்டது. எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் முதலில் பெயரைப் படிக்க மாட்டேன். கடைசி வரிக்குப் போவேன். மாநிலம், மாவட்டம், ஊர் என்று கீழிருந்து மேலே ஏறுவேன். பெயரும் கதவு எண்ணும் தபால்காரர் கவலை. என் கவலை பை எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பது மட்டும்தான்.

ஓய்வு பெற்றபின் கோயில் சுவர்களைப் படிக்கப் பழகினேன். அப்போது ஒன்று புரிந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டு எழுதியவர்கள் முகவரியைத் தபால் பிரிப்பவனின் கண்ணுக்கு ஏற்ற வரிசையிலேயே எழுதியிருக்கிறார்கள். பெரியது முதலில், சிறியது கடைசியில். நாங்கள் உறையைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருந்தது. கல்லில் அந்தச் சிரமம் இல்லை. அந்த வரிசையின் தலையில் உட்கார்ந்திருக்கும் சொல்தான் மண்டலம்.

ஊர்க் கோயில் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான் இடறுகிறார்கள். சிலர் அதை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். சிலர் இன்றைய மாநிலம் என்று நினைத்து எல்லைக் கோடு போடுகிறார்கள். நானும் ஒருமுறை இடறி அச்சிலேயே மாட்டிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படிக்கும் முறை.

கல்வெட்டுப் பாடத்தை அச்சில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தொல்லியல் துறையினர் வெளியிட்ட தொகுதிகளில் உங்கள் ஊர்க் கல்வெட்டு இருக்க வாய்ப்பு உண்டு. நேரே சுவரில் படிக்க முயன்றால் இரண்டு தொல்லைகள். அந்தக் காலத்துக் கல்லில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது; ‘சோழ’ என்பது ‘சொழ’ என்றே கண்ணில் படும். கல்லின் விளிம்பு வந்ததும் எழுத்தர் சொல்லை அப்படியே வெட்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார். ‘மண்ட’ ஒரு வரியிலும் ‘லத்து’ அடுத்த வரியிலும் கிடக்கும். அச்சில் பழகியபின் சுவருக்குப் போனால் இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். மாலை வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் தங்கும். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவாதீர்கள்.

அச்சுப் பாடத்தில் பென்சிலை எடுத்து ‘த்து’ என்றும் ‘ட்டு’ என்றும் முடிகிற சொற்களின் கீழ் கோடு போடுங்கள். மண்டலத்து, வளநாட்டு, நாட்டு, கூற்றத்து, கோட்டத்து. இவை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு வந்தால் அது முகவரி. ஒவ்வொரு ‘த்து’வும் ஒரு படி கீழே இறக்குகிறது. ‘த்து’ ஓய்ந்த இடத்தில் ஊரும், அதன்பின் ஆளோ கோயிலோ நிற்கும்.

நான் முதன்முதலில் இந்த வித்தையைச் செய்து பார்த்தது ஈழத்துக் கல்வெட்டு ஒன்றில். மன்னார்ப் பக்கம் மாதோட்டத்தில் கிடைத்தது. கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தொடக்கத்தைப் புரியும்படி சொல் பிரித்துத் தருகிறேன்:

‘சோழமண்டலத்து க்ஷத்ரியசிகாமணி வளநாட்டு வேளா நாட்டுச் சிறுகூற்றநல்லூர் கிழவன் தாழி குமரன், ஈழமான மும்முடிச் சோழமண்டலத்து மாதோட்டமான இராஜராஜபுரத்து எடுப்பிச்ச இராஜராஜ ஈஸ்வரத்து மகாதேவர்க்கு…’

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வரியில் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும்! அனுப்புநர் தாழி குமரன். அவர் மண்டலம் சோழமண்டலம்; அதற்குள் க்ஷத்ரியசிகாமணி வளநாடு; அதற்குள் வேளா நாடு; ஊர் சிறுகூற்றநல்லூர். பெறுநர் மகாதேவர். அவர் மண்டலம் மும்முடிச் சோழமண்டலம். ஊர் மாதோட்டம், அதாவது இராஜராஜபுரம். கடல் தாண்டிப் போய்க் கோயில் எடுத்தவர் தன் ஊரை நான்கு படிகளில் சொல்கிறார், கோயிலின் ஊரை இரண்டே படிகளில் முடித்துவிடுகிறார். சொந்த ஊர் முகவரியை மட்டும் மறக்காமல் முழுதாக எழுதும் வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழையது போலிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் கடிதங்களின் பின்பக்கத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ‘கிழவன்’ என்றதும் தாத்தாவை நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் நில உரிமை உடையவன் என்று பொருள். உடையான், கிழான் என்று வருவதும் அதே வகை.

இரண்டாவதாக, ‘ஆன’ என்ற சின்னச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஈழமான மும்முடிச் சோழமண்டலம்’, ‘மாதோட்டமான இராஜராஜபுரம்’. ஆனவுக்கு முன்னால் நிற்பது மக்கள் வாயில் இருந்த பழைய பெயர். பின்னால் நிற்பது அரசன் சூட்டிய பெயர். பம்பாய் மும்பையான புதிதில் உறைகளில் இரண்டையும் எழுதினார்கள், கடிதம் போய்ச் சேர வேண்டுமே என்று. கல்லிலும் அதே பயம்தான். புதுப் பெயரை மட்டும் வெட்டினால் நிலம் எது என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். பழையதை மட்டும் வெட்டினால் அரசாணைக்கு மரியாதை இல்லை. நமக்கு இது பெரிய வரம். ‘ஆன’ இல்லாவிட்டால் எந்த மண்டலம் எந்த நிலம் என்று கண்டுபிடிக்கத் திணறியிருப்போம்.

அப்படிக் கிடைத்த சமன்களில் அடிக்கடி எதிர்ப்படுபவை இவை. தொண்டைநாடு, அதாவது காஞ்சிபுரப் பக்கம், ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆனது. கங்கபாடி, இன்றைய மைசூர்ப் பக்கம், முடிகொண்ட சோழமண்டலம் ஆனது. நுளம்பபாடி நிகரிலிச் சோழமண்டலம். கோலார் அதற்குள் வரும், குவளாலம் என்ற பெயரில். ஈழம் மும்முடிச் சோழமண்டலம். கொங்குக்கு அதிராசராச மண்டலம் என்றும் வீரசோழ மண்டலம் என்றும் பெயர்கள் உண்டு. பாண்டிநாடு இராஜராஜப் பாண்டிநாடு ஆயிற்று. அதில் நாடு என்ற இடத்தில் மண்டலம் என்றும் எழுதினார்கள். சேர நாட்டுப் பக்கத்தை மலைமண்டலம் என்றார்கள். சோழர்களின் சொந்த நிலம் மட்டும் பட்டப்பெயர் ஒட்டாமல் சோழமண்டலம் என்றே நின்றது. ஐரோப்பியர் வாயில் அது கோரமண்டல் ஆகி, கடற்கரைக்கும், பின்னாளில் நான் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு விரைவு ரயிலுக்கும் பெயரானது.

இனி ஒரு நுணுக்கம். எல்லா முகவரியிலும் மண்டலம் வராது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் தன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன புகழ்பெற்ற வாசகம் ‘பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்று போகிறது. வளநாடு இருக்கிறது, கூற்றம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, மண்டலம் இல்லை. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மண்டலம் எதற்கு? தஞ்சாவூருக்குள்ளேயே போடும் கடிதத்தில் ‘இவ்விடம்’ என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் போனவர்கள் என் காலத்திலும் இருந்தார்கள். ஆகையால் மண்டலம் இல்லை என்றவுடன் கல்வெட்டு முழுமையில்லை என்று எழுதிவிடக் கூடாது. வெளியாள் வரும்போதும், வெளிநிலத்தில் கொடை நடக்கும்போதும் மண்டலத்தைக் கூடுதலாக எதிர்பாருங்கள்.

மண்டலத்துக்குக் கீழே என்ன வருகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சோழமண்டலத்தில் வளநாடு வரும். வளநாடு இராஜராஜன் உண்டாக்கிய அடுக்கு. ஆறுகளை எல்லையாக வைத்துப் பிரித்தவை. அதற்குக் கீழே நாடோ கூற்றமோ. தொண்டைப் பக்கத்தில் வளநாட்டின் இடத்தில் கோட்டம் நிற்கும். இருபத்து நான்கு கோட்டங்கள் என்று மரபில் சொல்வார்கள். காஞ்சிபுரத்தின் முகவரி ‘ஜயங்கொண்ட சோழமண்டலத்து எயிற்கோட்டத்து நகரம் காஞ்சிபுரம்’. அதில் ‘நகரம்’ என்பது வெறும் டவுன் இல்லை. வணிகர் சபை நடத்தும் ஊர்.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று. திருவான்மியூரின் முகவரி ‘ஜயங்கொண்ட சோழமண்டலத்துப் புலியூர்க் கோட்டமான குலோத்துங்கசோழ வளநாட்டுக் கோட்டூர் நாட்டுத் திருவான்மியூர்’ என்று வரும். பென்சிலால் பிரித்துப் பாருங்கள். மண்டலம் தொண்டை என்கிறது. கோட்டம் புலியூர். ‘ஆன’ வருகிறது, புலியூர்க் கோட்டத்துக்குக் குலோத்துங்கன் பெயரில் வளநாடு என்று புதுச்சட்டை. அதன்கீழ் கோட்டூர் நாடு. கோட்டூர்புரம் பாலத்தில் தினமும் போகிறவர்கள் தாங்கள் ஒரு பழைய நாட்டின் பெயரைத் தாண்டிப் போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘நாடு’. தொண்டைநாடு, பாண்டிநாடு என்று சொல்லும்போது அது மண்டலம் அளவுக்குப் பெரியது. கோட்டூர் நாடு, வேளா நாடு என்று சொல்லும்போது சில ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரம். ஒரே சொல், இரண்டு அளவு. சங்கிலியில் அது நிற்கும் இடம்தான் எந்த அளவு என்று சொல்லும். முதலில் நின்றால் பெரியது; மூன்றாவதாக நின்றால் சிறியது. பெரிய நிலங்களை மண்டலம் என்று எழுதியதில் இந்தக் குழப்பம் குறைந்தது என்பது என் எண்ணம்.

இப்போது என் மானம் போன கதை. எங்கள் சம்பந்தியின் ஊர் உத்திரமேரூருக்கு அருகில். அந்த ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தபோது மலரில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். கல்வெட்டில் ‘ஜயங்கொண்ட சோழமண்டலத்து’ என்று இருந்தது. எனக்கு ஜெயங்கொண்டம் தெரியும். எத்தனை பை இறக்கியிருக்கிறேன் அந்த ஊருக்கு! அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர். ‘சோழர் காலத்தில் இவ்வூர் ஜெயங்கொண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மண்டலத்தில் இருந்தது’ என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாகி, ஆயிரம் படிகள் பிரசாதப் பையோடு வீடுவீடாகப் போய்விட்டன.

மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சம்பந்தி வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். மலரைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

“ஐயா தபால் இலாகாவில் இருந்தவராமே?”

“ஆமாம் ஐயா.”

“காஞ்சிபுரத்துக் கடிதத்தை அரியலூருக்கு அனுப்பினால் உங்கள் இலாகாவில் என்ன செய்வார்கள்?”

புரிந்துவிட்டது. ஜயங்கொண்டான் என்பது இராஜராஜனின் விருதுப் பெயர்களில் ஒன்று. தொண்டைநாட்டுக்கு அந்த விருதைச் சூட்டினார்கள். ஜெயங்கொண்டம் என்ற ஊருக்கும் அந்த மண்டலத்துக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர உறவில்லை. ஊர் இருப்பது சோழமண்டலத்தின் பக்கம். பெயரைப் பார்த்துப் பையில் போடுகிற தவறை முப்பது ஆண்டு மற்றவர்களிடம் குறை சொன்னவன், நானே செய்தேன்.

இந்தக் குழி ஆழமானது, எச்சரிக்கையாக இருங்கள். சோழ அரசர்கள் ஒரே விருதைப் பத்து இடங்களில் ஒட்டினார்கள். முடிகொண்ட சோழமண்டலம் காவிரியின் மேல்பக்கம், கன்னட நாட்டில். முடிகொண்ட சோழபுரம் கும்பகோணத்துக்கு அருகே உள்ள பழையாறை. மும்முடிச் சோழமண்டலம் ஈழம். நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றுக்கும் மும்முடிச் சோழனின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இராஜராஜபுரமோ கேட்கவே வேண்டாம். மாதோட்டம் ஒரு இராஜராஜபுரம். மைசூர்ப் பக்கத்துத் தலைக்காடு, கல்வெட்டில் தழைக்காடு, அதுவும் இராஜராஜபுரம். திண்டிவனத்துப் பக்கம் குந்தவை கோயில் எடுத்த தாதாபுரமும் இராஜராஜபுரம்தான். இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஊர்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் மண்டலமே. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி ஆறு இலக்கப் பின்கோடு வந்ததற்கு ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததும் ஒரு காரணம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுவோம். மண்டலத்தை அந்த முதல் இலக்கமாக நினைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இராஜராஜபுரம் என்று மட்டும் கிடைத்தால், எந்த ஊர் என்று முடிவு கட்டாதீர்கள்.

மண்டலப் பெயர் கல்வெட்டின் வயதையும் ஓரளவு சொல்லும். உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் முகவரி ‘காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்’ என்று கோட்டத்தில் தொடங்குகிறது. ஜயங்கொண்ட சோழமண்டலம் கிடையாது. இருக்க முடியாது, அந்த விருதுக்காரர் அரியணை ஏறியதே 985இல்தான். ஆக, அந்த மண்டலப் பெயர் உள்ள கல் இராஜராஜன் காலத்துக்கு முந்தியது அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். அதேபோல், குலோத்துங்கசோழ வளநாடு என்று வந்தால் 1070இல் முதலாம் குலோத்துங்கன் வந்ததற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். அவன் பழைய வளநாடுகளின் பெயர்களையும் மாற்றினான். (அந்தத் ‘தன்கூற்று’ எனக்குப் பிடித்த சொல். இந்த ஊர் எந்தக் கூற்றத்துக்கும் கீழே இல்லை, தானே ஒரு கூற்றம் என்று அர்த்தம். தனக்கென்று ஒரு பின்கோடு வைத்திருக்கும் ஊர்.)

கல் எந்தக் காலத்துக்குப் பிந்தியது அல்ல என்று சொல்ல மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஆட்சி போனவுடன் பெயர் போய்விடாது. சோழர் அழிந்து விஜயநகரம் வந்தபிறகும் தொண்டைப் பக்கத்துக் கல்வெட்டுகள் ஜயங்கொண்ட சோழமண்டலம் என்றே எழுதிக்கொண்டிருந்தன. அதன் தலைமேல் இராஜ்யம் என்று புதிதாக ஒரு படி மட்டும் ஏறியது. எங்கோ பெயர் மாறிய தெருவில் பழைய பெயரிலேயே கடிதம் வருவதும் தபால்காரர் கொண்டு போய்க் கொடுப்பதும் மாதிரி. ஆனால் வென்ற நிலத்தை இழந்த இடங்களில் கதை வேறு. ஈழத்தில் 993ஐ ஒட்டி நுழைந்த சோழர் 1070இல் விஜயபாகுவிடம் பொலன்னறுவையை இழந்தார்கள். கங்கபாடியின் தலைக்காட்டை 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் பிடித்து, ‘தலக்காடு கொண்டவன்’ என்றே பட்டம் போட்டுக்கொண்டான். அங்கெல்லாம் அரசன் சூட்டிய பெயருக்கு அரசனின் படை நின்ற காலம்தான் ஆயுள்.

சொல்லின் பொருளுக்கு வருகிறேன். மண்டலம் என்றால் வட்டம். சித்த வைத்தியர் ‘ஒரு மண்டலம் சாப்பிடுங்கள்’ என்று சொல்லும் 48 நாளும் ஒரு சுற்று முடிவதுதான். கல்வெட்டில் அது இரண்டு இடங்களில் இரண்டு நிறத்தில் வரும். மெய்க்கீர்த்தியில், அதாவது தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை அடுக்கும் பாட்டில், ‘எண்டிசை புகழ்தர ஈழமண்டலமும்’ என்று வந்தால் அங்கே அது வென்ற தேசம். அதே பாட்டில் கங்கபாடி, நுளம்பபாடி என்று பழைய பெயர்களே நிற்கும். கொடை விவரத்தில் முகவரியாக வந்தால் அது ஆட்சிப் பெயர். மெய்க்கீர்த்தியில் ஒரு நாடு வந்துவிட்டது என்பதற்காக உங்கள் ஊர்க் கோயிலுக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தம் இருந்ததாக எழுதாதீர்கள். அது எல்லாக் கோயிலிலும் வெட்டப்பட்ட பாட்டு. அரசாங்கக் கடித உறையில் அச்சடித்த சின்னம் மாதிரி. உள்ளே இருக்கும் கடிதத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நிர்வாகச் சொல்லாக மண்டலம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. எங்கள் இலாகாவில் தமிழ்நாடு ஒரு வட்டம். அதன்கீழ் மண்டலங்கள், திருச்சி தலைமையில் மத்திய மண்டலம், மதுரை தலைமையில் தென் மண்டலம், இப்படி. மண்டலத்துக்குக் கீழே கோட்டங்கள். மண்டலம், கோட்டம், ஊர். ஜயங்கொண்ட சோழமண்டலத்துக்காரன் எவனாவது உயிர்த்து வந்தால் எங்கள் அலுவலகப் பலகையைத் தடையில்லாமல் படித்துவிடுவான். ‘வட்டத்துக்குக் கீழே மண்டலமா, இரண்டும் ஒன்றல்லவா?’ என்று மட்டும் கேட்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இந்த ஒற்றுமையில் மயங்கிச் சோழமண்டலத்துக்கு ஒரு தலைமை அலுவலகமும், அதிகாரியும், குமாஸ்தாக்களும் கற்பித்துவிடாதீர்கள். கல்வெட்டுகளைப் படிக்கப் படிக்க உறைப்பது, உண்மையான வேலை கீழே நடந்தது என்பதுதான். நிலத்தை விற்றவர் ஊரார், சபையார். முடிவெடுத்தவர் நாட்டார், நகரத்தார். மதுரையில் சோழ இளவரசர்கள் சோழபாண்டியர் என்ற பட்டத்தோடு அமர்ந்து ஆண்டது உண்டு; எல்லா மண்டலத்திலும் அப்படி ஒரு ஆள் இருந்ததாக எழுத ஆதாரம் வேண்டும். அரசன் கையில் பெயர் இருந்தது. நிலம் நாட்டார் கையில் இருந்தது. இது என் தீர்ப்பு, மறுப்பவர் மறுக்கலாம்.

நீங்கள் எழுதும்போது சொல்லை எப்படிக் கையாள்வது? மண்டலம் என்றே எழுதுங்கள். ‘மாநிலம்’ என்று மாற்றினால் படிப்பவர் மனத்தில் சட்டசபையும் எல்லைச் சாவடியும் வந்து நிற்கும். ‘மாகாணம்’ என்றால் நமக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணம். இலங்கைத் தமிழருக்கோ இன்று நடைமுறையில் இருக்கும் ஒன்பது மாகாணங்கள். மாதோட்டத்தை மும்முடிச் சோழ மாகாணம் என்று எழுதினால், மன்னார்க்காரர் தன் வட மாகாணத்தை நினைத்துக் குழம்புவார். மொகலாயரின் ஆட்சிப் பிரிவைச் சுபா என்றே எழுதுகிறோமே, அந்த மரியாதையைச் சோழருக்கும் கொடுக்கலாம். முதல் முறை வரும்போது ‘தொண்டைநாட்டுக்குச் சோழர் சூட்டிய பெயர்’ என்று அரை வரி சேர்த்துவிட்டால் போதும்.

உங்கள் வாக்கியத்தில் ‘மண்டலத்து’ என்று கல்வெட்டு நடையில் எழுத வேண்டியதில்லை. ‘மண்டலத்தில்’ என்றே எழுதலாம். மேற்கோளில் மட்டும் மூலத்தை மாற்றாதீர்கள். ஜயங்கொண்ட, சயங்கொண்ட, செயங்கொண்ட என்று மூன்று விதமாகவும் அச்சில் பார்ப்பீர்கள். ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுதும் அதையே வைத்திருங்கள். வரைபடம் போடுவதானால் மண்டலத்தைச் சுற்றிக் கெட்டியான கோடு வேண்டாம். அதில் உள்ளதாகக் கல்வெட்டு சொல்லும் ஊர்களைப் புள்ளிகளாக வையுங்கள். எது வரை பரவியது என்று புள்ளிகள் காட்டும்.

உடைந்த கல் உங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்வது? அதுதான் அடிக்கடி நடப்பது. போன தை மாதம் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், கைப்பேசியில் ஒரு படம் கொண்டு வந்து காட்டினாள். சுவரில் பிற்காலத்தில் யாரோ மடைப்பள்ளி கட்டியபோது முதல் வரி பாதி மறைந்துவிட்டது. ‘…லத்து ஊற்றுக்காட்டுக் கோட்டத்து’ என்பதிலிருந்துதான் தெரிகிறது.

“தாத்தா, இது எந்த மண்டலம்?” என்றாள்.

“நீயே சொல். கோட்டம் எங்கே வரும்?”

“தொண்டைநாட்டில். அப்படியென்றால் ஜயங்கொண்ட சோழமண்டலம்.”

சரிதான். கீழ்ப்படி தெரிந்தால் மேல்படியை ஊகிக்கலாம்; உறையின் மூலை கிழிந்து ஊரும் பின்கோட்டின் பாதியும் மட்டும் மிஞ்சியபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் நாங்கள் கிழிந்த உறையில் பேனாவால் எழுதிச் சேர்க்க மாட்டோம். அவளிடமும் அதைச் சொன்னேன். தெரியும் எழுத்துகளை அப்படியே எழுது. ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள் போடு. ‘லத்து’வுக்கு முன்னால் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று அளந்து பார், ‘தொண்டைமண்ட’ என்பதற்கும் ‘ஜயங்கொண்ட சோழமண்ட’ என்பதற்கும் நீளம் வேறு. இடம் குறைவாக இருந்தால் கல் நீ நினைத்ததைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம்.

அவள் மறுவாரம் ஸ்கேலோடு அந்த மடைப்பள்ளிக்குப் போனாள். பதினொரு எழுத்துக்கு இடம் இருப்பதாக எழுதி அனுப்பியிருந்தாள். நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.